இன்ஜினை இறக்கும் முன் ஆயில் மூடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய டீசல் பிக்கப்பில் இழுவை குறைந்து புகை அடிக்கிறதா? இன்ஜின் மாற்றப் பணம் புரட்டும் முன், வண்டியை நன்றாகச் சூடாக்கி ஐடிலில் ஓடவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் கவிழ்த்துச் சும்மா வையுங்கள். ஆயில் தெறிக்கலாம், முகத்தைத் தள்ளி வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பயமில்லை. துள்ளி விழுந்து, புகை புஸ்புஸ்ஸென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் உள்சுவரான போரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தேய்ந்த ரிங் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கீழே ஆயில் பக்கம் இறங்கி, வெளியேற வழி தேடி மேலே முட்டுகிறது. மூடி அசையாமல் கரும்புகை மட்டும் வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் நாசில் பாருங்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு திணறும் வண்டிக்குக்கூட அந்தச் சின்ன வேலையே போதுமானதாக இருக்கலாம்.

இன்ஜினுக்குள் சேரும் அந்த வாயுவை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் அடைத்திருந்தாலும் மூடி துள்ளும். அதைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். டர்போ வண்டியில் டர்போ சீல் போயிருந்தாலும் இப்படி வரும், அங்கே சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், வாங்கும் இன்ஜினின் நம்பருக்கான பேப்பரைக் கையோடு வாங்குங்கள். ஆர்சியில் அந்த நம்பரை ஏற்றியாக வேண்டும்.