யாருக்கு எந்த எலும்பு? கிர்கிஸ் ஊர் விருந்தில் உஸ்துகான் பங்கிடும் முறை

கிர்கிஸ்தானில் நாரின் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். அவர்கள் வீட்டு விருந்து என்றால் அடுப்படி வேலையில் எனக்கும் பங்கு உண்டு. ஆட்டை வேகவைப்பது, பெஷ்பர்மாக்குக்கு (இறைச்சியோடு சேரும் நூடுல்ஸ் உணவு) மாவு தேய்த்து நறுக்குவது எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. உறவுமுறை பார்த்து எலும்போடு இறைச்சியைப் பங்கிடுகிறார்களே, அந்த உஸ்துகான்தான் புதிதாக வருபவர்களைத் திணறடிக்கும்.

படி 1. யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள். பெயர், வயது, உறவு மூன்றும் வேண்டும். அப்பா வழியில் ஏழு தலைமுறை வரை (ஜெத்தி அத்தா) பங்காளிகள்தான். அதற்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அதனால் பட்டியல் நீளும். வீட்டுப் பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. நான் நோட்டும் பென்சிலும்தான் வைத்துக்கொள்வேன். கொழுப்புக் கையோடு போனைத் தொடவே முடியாது.

படி 2. வாசலுக்கு எதிரே உள்ள இடம் தோர். மூத்தவர்களுக்கும் முக்கிய விருந்தாளிகளுக்கும் உரியது. இளையவர்கள் வாசல் பக்கம். இதில் குழப்பமே வராது, அவர்களே சரியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

படி 3. கோடரி வேண்டாம், சின்னக் கத்தி போதும். மூட்டு மூட்டாகப் பிரிக்க வேண்டும், எலும்பு உடையக் கூடாது. ஓர் ஆட்டில் 12 ஜிலிக் (இறைச்சியோடு கூடிய பெரிய எலும்பு) கிடைக்கும். ஜம்பாஷ் (இடுப்பெலும்பு), கஷ்கா ஜிலிக் (தொடை), ஜோத்தோ ஜிலிக் (பின்னங்கால்), தாலி (தோள்பட்டை), காரி ஜிலிக், கூங் ஜிலிக் (இரண்டும் முன்னங்கால்) ஒவ்வொன்றிலும் இரண்டு. விலாவும் முதுகெலும்பும் இந்தக் கணக்கில் வராது. அவை இளையவர்களுக்கு உதவும்.

படி 4. இங்கேதான் நிதானம் வேண்டும். ஜம்பாஷ் மூத்த ஆண்களுக்கு, அதற்கு அடுத்த மரியாதை கஷ்கா ஜிலிக்குக்கு. வால் பக்கத்து எலும்பான குய்முல்சாக் பெண்களுக்குப் போகும். சரி, ஜம்பாஷ் இரண்டுதான், பெரியவர்கள் மூன்று பேர் என்றால்? ஒருவர் சம்பந்தியாக இருந்தால் இந்த வீட்டில் அவருக்குத்தான் முதலில். வயது குறைவாக இருந்தாலும் சொந்தப் பெரியப்பா விட்டுக்கொடுப்பார். மூவரும் பங்காளிகள் என்றால் மாதக் கணக்கில் வயது பார்க்கிறார்கள். பரிமாறும் முன்பே வீட்டுப் பெரியவரிடம் பட்டியலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். தட்டு போன பிறகு மாற்றினால் மனஸ்தாபம் வருடக்கணக்கில் நிற்கும். பெண் பேசி முடிக்கிற விருந்தானால் சம்பந்திகளுக்கு வால்கொழுப்பும் ஈரலும் தனியாக உண்டு, மறக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர் ஆட்டுத்தலை யாருக்கு என்று கேட்டார்கள். ஊருக்கு ஊர் மாறுகிறது, அந்தந்த வீட்டில் கேட்பதே நல்லது. சைவம் சாப்பிடுபவர்களும் கேட்டிருந்தார்கள். போர்சோக் (எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள்), ரொட்டி, ஜாம், தேநீர் என்று வயிறு நிறையும். ஆனாலும் உங்கள் பங்கு எலும்பு உங்கள் முன்னால் வந்தே தீரும். வேண்டாம் என்று சொல்லாமல் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களும் மீதியை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மெல்லிய கவரை எலும்பு கிழித்துவிடும், தடித்த பையாக வாங்கி வையுங்கள். பெரியவர் பாத்தா (ஆசி) சொல்லி எல்லோரும் 'ஓமின்' என்று முகத்தைத் தடவிக்கொண்டால் சாப்பாடு முடிந்தது, அப்புறம் யாரும் கை வைப்பதில்லை. பைகளை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.