சுகமில்லாத தெருப்பூனை: பிடிப்பதா, விடுவதா?

திருகோணமலை மீன் சந்தைப் பக்கம் திரியும் பூனைக்குச் சுகமில்லை என்றால், முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தும்மல், கண்ணில் பீளை, ஆனாலும் சாப்பிடுகிறதா? பிடிக்க அவசரமில்லை. சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, இளஞ்சூட்டோடு நிழலில் வையுங்கள். மூக்கடைத்த பூனை மணம் தெரியாமல்தான் சாப்பாட்டை விடுகிறது; சூடு மணத்தைக் கிளப்பும்.

வாய் திறந்து மூச்சு வாங்குதல், இரண்டு நாள் பட்டினி, புழு வைத்த புண் என்றால் பிடிக்கத்தான் வேண்டும். கூட்டுப்பொறியின் பின்மூலையில் மீன் வையுங்கள். கதவு விழுந்ததும் பழைய சாரத்தால் முழுதாக மூடினால் அடங்கிவிடும். வெயிலில் மட்டும் விடாதீர்கள், கூடே அடுப்பாகிவிடும். தினமும் குளிசை கொடுக்க இதனிடம் நடக்காது. ஒரே ஊசியோடு முடியும் மருந்து உண்டா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பனடோல் வேண்டவே வேண்டாம்: அரைக் குளிசையே பூனையைக் கொல்லப் போதும்.

எச்சில் வடிய, தள்ளாடி, காரணமின்றிப் பாய்கிற பூனையை நீங்கள் பிடிக்காதீர்கள்; விசர்நோயாக (ரேபிஸ்) இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். எந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.