டஜன் அம்புத்தண்டு வாங்கும் முன் ஒன்றை மட்டும் வெட்டிப் பாருங்கள்

ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) மான் வேட்டைக்குத் தயாராகிறவர்கள் டஜன் கார்பன் தண்டுகளை ஒரேயடியாக வாங்கி வெட்டிவிடாதீர்கள். தண்டு தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும் ஸ்பைனில் (தண்டின் விறைப்பைக் காட்டும் எண்) முழு நீளத் தண்டு ஒன்று வாங்கி, வேட்டை முனையின் அதே எடையில் (பெரும்பாலும் 125 கிரெயின், ஏறக்குறைய 8 கிராம்) பயிற்சி முனை மாட்டி, இறகு ஒட்டாமல் 20 கஜத்தில் எய்யுங்கள். வலக்கைக்காரருக்கு அது இறகுள்ள அம்புகளுக்கு வலப்புறம் தைத்தால் தண்டு அதிகம் வளைகிறது. முன்பக்கம் கால் அங்குலம் வெட்டி மறுபடி எய்யுங்கள். இடப்புறம் போனால் விறைப்பு கூடிவிட்டது.

தண்டில் எழுதியிருக்கும் 500, 600 எல்லாம் 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டு அளந்த வளைவு. எண் குறைந்தால் விறைப்பு அதிகம். எய்யும்போதோ நீளமும் முனை எடையும் சேர்ந்து அந்த வளைவை மாற்றிவிடும். 100 கிரெயினில் சரிபார்த்துவிட்டு 125 மாட்டினால் அம்பு விலகுவது இதனால்தான்.

முனை பிடிக்கும் இன்சர்ட்டை ஹாட்மெல்ட் பசையால் ஒட்டினால் கழற்ற எளிது. சூட்டை முனையில் மட்டும் காட்டுங்கள், கார்பனில் நேரடியாக வேண்டாம். வெட்ட வேகமாகச் சுழலும் உராய்வுத் தட்டு வேண்டும். சாதா ரம்பம் நாரைப் பிய்த்துவிடும். முகக்கவசம் கட்டாயம்.

நாணை விரலுக்குப் பதில் பிடித்து விடும் ரிலீஸ் கருவியுடன் எய்யும் காம்பவுண்ட் வில்லுக்கு (கப்பிகள் பொருத்திய வில்) இந்த இட, வலக் கணக்கு பொருந்தாது. முழு இழுப்பில் பிராட்ஹெட் (வேட்டை முனை) கைவிரலைத் தொடும் அளவுக்கு ஒருபோதும் வெட்டாதீர்கள்.