முதல் ஊற்றுப் பேனையைத் தெரிவுசெய்தல்

நாள்தோறும் எழுதுவதற்கு முதல் ஊற்றுப் பேனை வாங்குபவர், அதன் நிறத்தையோ விலையையோ பார்ப்பதற்கு முன், தாம் எந்தக் கொப்பியில் எழுதப்போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் மாரி மழை பெய்யும் மாதங்களில் தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், சாதாரண கொப்பித் தாளில் மை எளிதிற் பரவி மறுபக்கத்துக்கும் ஊறிவிடும். ஆகவே மெல்லிய நிப்பே இங்கு பொருத்தமானது. ண, ஞ, ணை போன்ற எழுத்துகளின் சுழிகளும் தடித்த நிப்பில் அடைபட்டுப்போகும். ஒரே அளவு பொறிக்கப்பட்டிருந்தாலும், ஜப்பானிய நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக மெல்லியதாக எழுதும்.

பிளாட்டினம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் விலை குறைந்த பிரெப்பி பேனை நல்ல தொடக்கம், அதில் 0.3 என்று குறித்த மெல்லிய நிப்புள்ளதை வாங்கலாம். பேனையைப் பிடிக்கும் விதம் இன்னும் படியாதவருக்கு, விரல் வைக்கும் இடம் முக்கோணமாக அமைந்த லாமி நிறுவனத்தின் சஃபாரி பேனை உதவும். ஆனால் அந்த வடிவம் எல்லாக் கைகளுக்கும் ஒத்துவராது, என் கைக்கு ஒத்துவரவில்லை. கடையில் வெறுமனே பிடித்துப் பார்க்காமல், நிப்பை மையில் தோய்த்து உங்கள் பெயரைச் சில தடவை எழுதிப் பாருங்கள். அழுத்தாமலே கோடு விழ வேண்டும்.

ஊற்றுப் பேனைக்கென்றே செய்யப்பட்ட மையை மட்டும் நிரப்புங்கள். சித்திரம் வரையப் பயன்படும் ‘இந்தியன் இங்க்’ என்ற மையை ஒருபோதும் ஊற்றக்கூடாது. அதிலுள்ள அரக்கு உலர்ந்து மைவழியை அடைத்துவிடும். மையை மாற்றும்போது குளிர்ந்த நீரே கழுவப் போதும். பாதி மையுள்ள பேனையை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டால், உள்ளிருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். சட்டைப்பையிலும் நிப்பு மேல்நோக்கியே இருக்கட்டும்.