ஸ்டியரிங் பிடிக்கும் தம்பிகள் இதயத்தைக் காப்பது எப்படி?

லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் செய்த ஆய்வு 1953இல் வெளிவந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. நானும் டவுன் பஸ் டிரைவர்தான். புதிதாக வருகிற தம்பிகளிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

வண்டியை நிறுத்தியதும் செல்போனை எடுக்காதீர்கள். டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு ஸ்டாண்டைச் சுற்றிப் பத்து நிமிடம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது சேர வேண்டும்.

சாப்பாடுதான் கஷ்டம். நைட் டூட்டி முடிந்தால் பரோட்டா சால்னா இழுக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வீட்டிலிருந்து சுண்டலும் உப்புப் போடாத மோரும் கொண்டு வாருங்கள். டீயில் சர்க்கரை பாதி. பீடி, புகையிலை அறவே வேண்டாம்.

அப்புறம், ஓட்டும்போது நெஞ்சு அழுத்தி, இடது கை வலித்து, வியர்த்தால் வாயுப் பிடிப்பு என்று விடாதீர்கள். ஓரங்கட்டி உடனே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.