மன்னிக்கப் பழகுதல்: ஒரு குறிப்பேடு, பதினைந்து நிமிடம், உள்ளிருந்து வரும் குரலுக்கு நான்கு கேள்விகள்

நெருங்கிய நண்பர் ஒருவரிடம் மட்டும் நம்பிச் சொல்லியிருந்த என் தோல்வி ஒன்றை, அவர் பலர் கூடியிருந்த இடத்தில் வேடிக்கைக் கதையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன்பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம், பல் துலக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும், அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை மனத்துக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் குறைந்தது நான்கு முறையாவது "அவரை மன்னித்துவிட்டேன்" என்று எனக்கு நானே அறிவித்திருந்தேன் என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய பகுதி. இறுதியில் எனக்குப் பயன்பட்ட முறையை, நான் தடுக்கி விழுந்த இடங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். உள்ளிருந்து வரும் வழிகாட்டுதலை இறைவனின் குரல் என்பவரும் மனச்சான்று என்பவரும் இதை ஒரே விதமாகச் செய்யலாம். அமைதியாக உட்காருவது எப்படி, மூச்சைக் கவனிப்பது எப்படி என்பனவற்றை நான் விளக்கப் போவதில்லை. அவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தேவையானவை

காகிதக் குறிப்பேடு ஒன்று, பென்சில் ஒன்று, பதினைந்து நிமிடம் கழிந்ததும் மணியடிக்கும் கடிகாரம் ஒன்று. கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். இதற்கென்று உள்ள செயலிகள் இரண்டைப் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டுமே எத்தனை நாள் விடாமல் செய்தேன் என்று எண்ணிக் காட்டின, ஒரு நாள் தவறியதும் அந்த எண் பூச்சியமாகிவிட, நண்பரோடு சேர்த்துச் செயலியையும் மன்னிக்க வேண்டிய நிலை வந்தது. பேனாவைவிடப் பென்சிலை நான் விரும்புவதற்கும் காரணம் உண்டு: இரண்டாவது படியில் நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம்

பொறுத்தல் என்ற சொல்லுக்குச் சுமத்தல் என்றும் பொருள் உண்டு. பொறை என்றால் பாரம். குறளின் 152ஆம் பாடல் பொறுத்தலையும் மறத்தலையும் தனித்தனியாக வைத்து, மறத்தல் அதனினும் நன்று என்கிறது. நான் ஒன்றரை ஆண்டு செய்தது முதலாவது மட்டுமே: மூட்டையை இறக்காமல், முகத்தில் வலி தெரியாதபடி சுமந்துகொண்டிருந்தேன். மன்னிப்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் இன்னொரு பிரிவினையைச் செய்கிறார். பழிவாங்க மாட்டேன் என்ற முடிவு ஒன்று; உள்ளே இருக்கும் கசப்பு கரைவது மற்றொன்று. முடிவை ஒரே நாளில் எடுத்துவிடலாம், கசப்புக்கோ அதன் போக்கில் நாள் ஆகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் நான் நான்கு முறை மன்னித்தேன்.

முதல் படி: சிறிய மனத்தாங்கலைத் தேர்ந்தெடுத்தல்

வாழ்க்கையின் மிகப் பெரிய காயத்திலிருந்து தொடங்காதீர்கள். பவுத்த மரபில் அன்பைப் பெருக்கும் மைத்ரி தியானத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, முதலில் தன்னிடமிருந்தும், பின்னர் மதிப்புக்குரியவர், நண்பர், தொடர்பில்லாதவர் என்று வரிசையாகவும் சென்று, பகைவரைக் கடைசியில்தான் வைப்பார்கள். பகைவரை நினைக்கும்போது சினம் எழுந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பச் சொல்வார்கள். அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பிட்டு, மூன்றுக்கு மேற்படாத ஒன்றை முதல் மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வராத கடிதம், இடையில் வெட்டப்பட்ட பேச்சு போன்றவை போதும்.

இரண்டாம் படி: நடந்ததை மட்டும் எழுதுதல்

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் நடந்ததையும் வலப்பக்கம் நீங்கள் அதனோடு சேர்த்ததையும் எழுதுங்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும். உட்கார்ந்தால் இடப்பக்கம் எழுதியவற்றில் பாதி வலப்பக்கத்துக்கு நகரும். "அவர் என்னை இழிவுபடுத்தினார்" என்று நான் இடப்பக்கத்தில்தான் முதலில் எழுதினேன். ஆனால் நடந்தது, அவர் அந்தச் செய்தியைச் சொன்னதும் ஆறு பேர் சிரித்ததும் மட்டுமே. இழிவுபடுத்த வேண்டும் என்று அவர் எண்ணினார் என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. அழித்துவிட்டு வலப்பக்கம் எழுதினேன். அவர் செய்தது தவறில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நம்பிச் சொன்னதை வெளியில் சொன்னது தவறுதான். அது இடப்பக்கத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

இதை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாள் செய்யுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்விலும் இதே அளவுதான்: மாணவர்கள் தங்களைப் பாதித்த நிகழ்வைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போயிற்று. ஆனால் நிகழ்வையும் அது எழுப்பிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரை நாடினார்கள். ஆகவே முதல் நாள் எழுதிவிட்டு மோசமாக உணர்ந்தால், முறை தவறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். எழுதியதை யாருக்கும் அனுப்பவும் அனுப்பாதீர்கள்.

மூன்றாம் படி: எந்தக் கணக்கை மூடுகிறோம் என்று எழுதுதல்

ஐந்தாம் நாள் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "மன்னிக்கிறேன்" என்ற சொல்லை அதில் பயன்படுத்தாதீர்கள். அது மிக வழுக்கலான சொல். அவரிடமிருந்து உங்களுக்கு வரவேண்டியது என்று எதை வைத்திருக்கிறீர்களோ, அதைப் பெயர் சொல்லி எழுதி, இனி அதைக் கேட்கப் போவதில்லை என்று முடித்துத் தேதியிடுங்கள். என்னுடைய வாக்கியம் இது: "அதே ஆறு பேர் முன்னிலையில் அவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று நான் வைத்திருந்த எதிர்பார்ப்பை இன்றோடு விடுகிறேன்." எழுதும்வரை, எனக்கு வேண்டியிருந்தது அதுதான் என்றே எனக்குத் தெரியாது.

எழுதிய மறுநாளே கசப்பு திரும்பி வரும். அப்போது முடிவு பொய்யாகிவிட்டது என்று நினைக்காமல், புதிதாக ஒன்றும் எழுதாமல், தேதியிட்ட அந்தப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை படித்துவிட்டு மூடுங்கள். உளவியலாளர் ஷார்லட் விட்விலியட்டும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குத் தீங்கு செய்தவரைப் பற்றிய மனக்கசப்பை நினைத்துப் பார்த்தபோது மக்களின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன, புருவத் தசை இறுகியது. மன்னிக்கும் பாங்கில் அதே மனிதரை நினைத்தபோது இவை குறைவாக இருந்தன. நான் இந்தப் புருவத்தைத்தான் அடையாளமாக வைத்துக்கொண்டேன். நெற்றி சுருங்குவதை உணர்ந்தால், பழைய பதிலைத் திருத்தத் தொடங்கிவிட்டேன் என்று பொருள்.

நான்காம் படி: உள்ளே கேட்டல்

இங்கேதான் நான் விழுந்தேன் என்பதால் இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது சுருக்கமானது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, "இதில் நான் இன்று செய்ய வேண்டியது என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, வருவதை எழுத வேண்டும். மூன்றாம் நாளே எனக்கு மிகத் தெளிவான விடை வந்தது: அவரைத் தொலைபேசியில் அழைத்து, அவரை மன்னித்துவிட்டதாகச் சொல். உடல் முழுவதும் ஒரு வெளிச்சம் பரவியது போல இருந்தது. அப்போதே அழைத்தேன். "எதற்கு?" என்று கேட்டார் அவர். விளக்கினேன். விளக்க விளக்க என் குரல் உயர்ந்தது. பத்து நிமிடத்துக்குப் பிறகு நான் ஒரு வழக்கைத் தொடுத்து, வாதாடி, தீர்ப்பும் சொல்லி, அதன் முடிவில் பெருந்தன்மையாகத் தண்டனையை ரத்து செய்திருந்தேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு அழைப்பைத் துண்டித்தார். உள்ளிருந்து வந்தது வழிகாட்டுதல் அன்று. அந்த ஒன்றரை ஆண்டுப் பதில் வேறு உடை போட்டுக்கொண்டு வந்திருந்தது.

அதன்பிறகு, வரும் எதையும் நான்கு கேள்விகள் கேட்காமல் நான் செயல்படுத்துவதில்லை. வந்த வாக்கியத்தில் செய்ய வேண்டியவர் நானா, அவரா? அவர் உணர வேண்டும், அவர் அறிய வேண்டும் என்று முடிவதை எல்லாம் அடித்துவிடுகிறேன். இரண்டாவது, இப்போதே செய் என்று அவசரப்படுத்துகிறதா? மூன்றாவது, நான் இதைச் செய்தேன் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனாலும் செய்வேனா? நான்காவது, ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகும் அது அதே அளவில் நிற்கிறதா? அந்தத் தொலைபேசி அழைப்பு இந்த நான்கிலும் தோற்றிருக்கும்.

இவை முழுவதும் என் கண்டுபிடிப்பு அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த, இயேசு சபையை நிறுவிய கிறிஸ்தவத் துறவி இஞ்ஞாசியார், உள்ளத்தின் அசைவுகளைப் பகுத்தறிய விதிகளே வகுத்திருக்கிறார். மனம் வறண்டு கலங்கியிருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவற்றுள் ஒன்று. ஓர் எண்ணத்தின் தொடக்கத்தை மட்டும் பாராமல் நடுவையும் முடிவையும் பார், நல்லதாகத் தொடங்கியது கலக்கத்தில் போய் முடிந்தால் அதன் மூலத்தைச் சந்தேகி என்பது இன்னொன்று. உள்ளொளியை வழிபாட்டின் நடுவிலேயே வைத்திருக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள்கூட, ஒருவருக்குக் கிடைத்த உந்துதலைத் தெளிவுபடுத்திக்கொள்ள ஒரு சிறு குழுவைக் கூட்டும் வழக்கம் உடையவர்கள். அந்தக் குழுவினர் அறிவுரை கூறாமல் கேள்விகள் மட்டுமே கேட்பார்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவர் உங்களுக்கு இருந்தால், எந்தப் புத்தகத்தையும்விட அவர் பயன்படுவார். "உன் இடத்தில் நான் இருந்திருந்தால்" என்று தொடங்குபவரை இதற்கு அழைக்காதீர்கள்.

சோதனையில் தேறிய முதல் விடை எனக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் வந்தது. அதில் வெளிச்சம் எதுவும் இல்லை. "அவருடைய ஏணி உன் வீட்டில் இருக்கிறது" என்பதுதான் அது. உண்மைதான், அந்த நிகழ்வுக்கு முன்பே இரவல் வாங்கிய ஏணியை, ஒருவகையான பிணைப்பொருளாக, நான் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேறொன்றும் பேசாமல் திரும்பினேன். என் அனுபவத்தில் உண்மையான வழிகாட்டுதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: சிறியது, சலிப்பூட்டுவது, என் பக்கத்துக் கடனைச் சுட்டுவது. ஒன்றுமே வராத நாள்கள்தாம் அதிகம். அன்று "ஒன்றும் வரவில்லை" என்று எழுதிக் குறிப்பேட்டை மூடிவிடுங்கள். வரும்வரை உட்கார்ந்திருந்தால் நாமே ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வோம்.

ஐந்தாம் படி: அன்றாடச் சுருக்க வடிவம்

வரிசையில் ஒருவர் முந்தும்போதும், வீட்டில் ஒருவர் சுருக்கென்று பேசும்போதும் குறிப்பேட்டைத் தேட முடியாது. மூன்று மூச்சு விடும் நேரத்தில், நடந்தது எது, நான் சேர்த்தது எது என்று மட்டும் பிரியுங்கள். மற்றதை இரவு பார்த்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டவற்றால், நான் எழுதத் தவறியவை தெரியவந்தன.

தீங்கு இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கிறது, இதைச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், முதலில் அந்த இடத்தை விட்டு விலகிப் பாதுகாப்பாக இருக்கும் வழியைத் தேடுங்கள். மன்னிப்பு ஆய்வுகளின் முன்னோடிகளுள் ஒருவரான ராபர்ட் என்ரைட், மன்னித்தல் வேறு, மீண்டும் உறவாடுதல் வேறு, தவறைச் சரியென்று ஏற்பது வேறு என்று திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். கசப்பை விட்டவரும் புகார் கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம், இனி சந்திப்பதில்லை என்று முடிவு செய்யலாம். அடி வாங்கிக்கொண்டே இரு என்று சொல்லும் குரல் எதுவாக இருந்தாலும் அதை நான்கு கேள்விகள் வரை கொண்டுபோகவே வேண்டியதில்லை. அதேபோல, காதில் வெளியிலிருந்து கேட்பது போன்ற குரல்கள் வந்தாலோ, எழுதத் தொடங்கியபின் தூக்கம் அறவே போய்விட்டாலோ, குறிப்பேட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தன்னையே மன்னிக்க இதைப் பயன்படுத்தியவர், மூன்றாம் படி தனக்கு மிக எளிதாக முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அது நல்ல அறிகுறி அன்று. தவறு நம்முடையதாக இருக்கும்போது கணக்கை மூடும் உரிமை நமக்கு மட்டும் உரியதன்று; எனவே மூன்றாம் படிக்கு முன்னால், யாருக்கு என்ன ஈடு செய்ய முடியும் என்று எழுதி, செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு வர வேண்டும்.

இறந்துவிட்டவரைப் பற்றியும் கேட்டார்கள். படிகள் மாறுவதில்லை, நான்காம் படியில் மட்டும் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எழுதியதை உரக்கப் படிப்பது சிலருக்கு உதவுகிறது. எனக்கு அது நாடகமாகத் தோன்றியதால் நான் செய்யவில்லை.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்பதுதான் அதிகம் பேர் கேட்ட கேள்வி. ஏணியைக் கொடுத்து நான்கைந்து மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை பல் துலக்கும்போது அந்தப் பதில் வழக்கம்போலத் தொடங்கியது. முதல் வாக்கியம் வந்தது, இரண்டாவது என்னவென்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.