பாலைவனத்தில் சோலார் பேனலைத் துடைக்க ஏற்ற நேரம்

மின்கம்பி எட்டாத பாலைவனக் குடியிருப்பில் வாழ்வோர், வெயில் இப்படிக் கொளுத்தும்போது மின்சாரத்துக்கு என்ன குறை என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் சிலிக்கான் சோலார் பேனலின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை குறைகிறது. போதாக்குறைக்கு, மாவைப் போன்ற மணல்தூசி கண்ணாடியில் படிந்து ஒளியையும் மறைக்கிறது. இத்தூசியை உச்சிவெயிலில் நீரூற்றிக் கழுவக் கூடாது. கொதிக்கும் கண்ணாடி திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடக்கூடும். பொழுது புலரும் வேளையில், மென்மையான தூரிகையால் தூசியை அழுத்தாமல் மேலிருந்து கீழாகத் தள்ளிவிட்டு, அதன் பிறகே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால், மணற்பொடி உப்புத்தாளைப் போலக் கண்ணாடியைக் கீறிவிடும். கிணற்று நீர் உப்பாக இருந்தால், காய்ந்ததும் வெண்படலம் படியும் என்பதால், சேமித்த மழைநீரையே சிக்கனமாகப் பயன்படுத்துவது நல்லது.

பேனலுக்குக் காட்டும் அக்கறையைப் பலர் பேட்டரிக்குக் காட்டுவதில்லை. ஈய அமில பேட்டரியைத் தகரக் கொட்டகையில் வைக்காமல், தடித்த மண்சுவரும் நல்ல காற்றோட்டமும் உள்ள அறையில் வைக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.